கோடு இல்லாத கல்

தூரிகையின் நுனியை இரண்டு விரலால் உருட்டிக் கூராக்கிக்கொண்டு வலது கை கல்லின் மேல் இறங்கியது. மணிக்கட்டுக்கு அடியில் பழைய குடைக்கம்பி ஒன்று குறுக்கே கிடந்தது. கை அதன்மேல் சாய்ந்து நகரும், கல்லைத் தொடாது. கல்லில் ஒவ்வொரு எழுத்தும் ஏர் போன சால் போலக் குழிந்திருந்தது. தங்க வர்ணம் சாலின் நடுவில் விழுந்து, தானாகவே இரண்டு கரைக்கும் ஏறும். ஏறி நிற்கும் அந்த நொடியில் தூரிகையை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கரை தாண்டும். தாண்டிவிட்டால் இடது கையின் கட்டைவிரல், அதில் சுற்றிய துணியோடு வந்து, ஒரே இழுப்பில் துடைக்கும். இரண்டாவது இழுப்பு கூடாது, கல் மங்கிவிடும்.

அன்று அந்தக் கைகளுக்குக் கீழே இருந்தது ஒரு தபால்காரரின் கல்லறைக் கல். அவர் பெயர், பிறந்த ஆண்டு, சிறு கோடு, இறந்த ஆண்டு. அதற்குக் கீழே அவர் மனைவியின் பெயர், பிறந்த ஆண்டு, சிறு கோடு. அதோடு நின்றது. மனைவி சந்தையில் முட்டைக்கோஸுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். திமோக் ஆற்றங்கரை ஊர்களில் அப்படித்தான். ஒருவர் போனால் மற்றவர் பெயரையும் சேர்த்தே வெட்டிவிட்டு, கடைசி ஆண்டுக்கு மட்டும் இடம் விடுவார்கள். சிலர் இருவரும் நன்றாக நடமாடும்போதே கல்லை நட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்த் தங்கள் பெயரைத் தாங்களே துடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிடுவார்கள்.

பட்டறை முதலாளி விதோயே கதவருகே வந்து நின்றான். நாற்பத்தைந்து வயது, கல்பொடி படிந்த தொப்பி, கையில் ஒரு தாள்.

“அத்தை.”

“இன்னும் நாலு எழுத்து. நில்லு.”

நின்றான். தொப்பியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். நாலு எழுத்தும் முடிந்தன.

“புது ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. வெட்டறதுக்கு முன்னால எழுத்த ஒரு தடவ பாத்துடுங்க.”

“என்னிக்கும் நான்தான பாக்கறேன். இன்னிக்கு என்ன தொப்பியெல்லாம் கழட்டற?”

அவன் தாளை நீட்டினான்.

கருப்புக் கல், இருவருக்கு. இடப்பக்கம்: மிலாதின் யோவிச், 1955, கோடு. வலப்பக்கம்: தாரிங்கா, 1959, கோடு. தாரிங்காவுக்குப் பக்கத்தில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. அதில் பென்சிலால், குண்டு குண்டான எழுத்தில், ‘அவளைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதியிருந்தது.

அதை அவள் இரண்டு முறை படித்தாள். அந்த ஊரில் 1959இல் பிறந்த தாரிங்கா ஒருத்திதான். இன்னும் தூரிகையைக் கையில் பிடித்திருந்தவள்தான் அவள்.

“எப்ப வந்தார்?”

“காலைல. நீங்க ரொட்டி வாங்கப் போயிருந்தீங்க. கல்லத் தட்டித் தட்டிப் பாத்து அவரே தேர்ந்தெடுத்தாரு. உங்களுக்குச் சொல்லக் கூடாதாம், ஆச்சரியமா இருக்கணுமாம். நான் என்ன செய்ய அத்தை, இந்தப் பட்டறைல உங்க கண்ணுக்குத் தப்பி எந்த எழுத்து வெளிய போகும்?”

“ஆச்சரியமாத்தான் இருக்கு,” என்றாள் தாரிங்கா. தாளை நான்காக மடித்து ஏப்ரன் பையில் வைத்தாள். “இத வெட்டாத.”

“மொத்தமாவா, இல்ல இப்போதைக்கா?”

“வெட்டாதன்னா வெட்டாத.”

அவளைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். விதோயே தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

*

அவளைக் கேட்காமல் அவள் பெயரைக் கல்லில் எழுதிய முதல் ஆள் மிலாதின் இல்லை.

முதல் ஆள் அவள் கணவன் ஜிவோயின். ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் சமிக்ஞைக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். கெட்டவன் இல்லை. குடித்துவிட்டு அடித்ததில்லை, சம்பளத்தை ஒளித்ததில்லை. ஆனால் எதையும் கேட்கமாட்டான். காபியில் அவளுக்குச் சர்க்கரை வேண்டுமா என்று முப்பத்திரண்டு வருடத்தில் ஒருமுறை கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். அவன் போட்டான், அவள் குடித்தாள். அவன் ஓய்வு பெற்றபோது அவள் சமையலறைக்கு ஒரு வெள்ளை எனாமல் அடுப்பு கேட்டாள். அவன் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, “கல்லுக்குச் சொல்லிட்டேன், ரெண்டு பேருக்கும்,” என்றான். அப்போது அவளுக்கு ஐம்பது வயது.

அதற்கு ஒரு வருடம் முன்புதான் அவள் இந்தப் பட்டறையில் கணக்கு எழுதவும் கூட்டிப் பெருக்கவும் சேர்ந்திருந்தாள். எழுத்துக்கு வர்ணம் போடுகிறவன் ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டான். மூன்று வாரம் கற்கள் எழுத்து நிரம்பாமல் நின்றன. யாரும் சொல்லாமலே தாரிங்கா உடைந்த கல்துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமையல் மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தாள். இருபது துண்டு கெட்டது. இருபத்தொன்றாவதை விதோயேயின் அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “இத யார் போட்டது?” என்று மட்டும் கேட்டார். அவள் போட்ட முதல் பத்துக் கற்களில் ஒன்று அவளுடையது. தன் பெயருக்குத் தானே தங்கம் பூசினாள். எழுத்து நன்றாகத்தான் வந்தது. சிறு கோட்டை மட்டும் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டாள்.

கல்லில் பதிக்கும் படத்தையும் ஜிவோயின்தான் தேர்ந்தெடுத்தான். யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. முட்டை வடிவப் பீங்கான் சில்லில் அவளோடு இன்னொருவரின் பாதித் தோளும் சேர்ந்து வந்துவிட்டது.

மூன்று வருடம் கழித்து ஜிவோயின் தோட்டத்தில் தக்காளிக்குக் குச்சி நடும்போது விழுந்தான், எழவில்லை. தாரிங்கா அவன் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டைப் போட்டாள். அதற்கப்புறம் சொந்தச் சம்பளத்தில் வெள்ளை எனாமல் அடுப்பை வாங்கினாள். பதினொரு வருடம் தனியாக இருந்தாள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் சிரிக்க ஏதாவது நடந்தால், சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாமல், மறுநாள் பட்டறைவரை அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டியிருந்தது.

செத்தவர்களுக்குக் கோதுமை படைக்கும் ஆன்மாக்கள் சனிக்கிழமை வருடத்தில் சில முறை வரும். இந்த வருடம் நோன்புக்கு முந்தையது. ஊரே கல்லறைத் தோட்டத்தில் வேகவைத்த கோதுமையும் மெழுகுவர்த்தியும் ராக்கியாச் சாராயப் போத்தலுமாக நின்றது. தாரிங்கா தன் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்:

“தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்தத் தோள் யாரோடது?”

திரும்பிப் பார்த்தாள். நெட்டையான, வெள்ளை மீசைக்காரர். நகராட்சியில் தண்ணீர் மீட்டர் படித்துக்கொண்டிருந்த மிலாதின். முப்பது வருடமாக அவள் வீட்டு முற்றத்தில் குனிந்து எண்ணை எழுதிக்கொண்டு போனவர்தான். குனிந்தே பார்த்ததால் முகம் அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

“என் நாத்தனாரோடது,” என்றாள்.

“அவங்க எங்க படுத்திருக்காங்க?”

“அதோ, மெழுகுவர்த்திக்குப் பேரம் பேசிட்டு நிக்கறாங்க.”

அவர் சிரித்துவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் சிரிக்கக் கூடாது என்று கையால் மீசையை மூடினார். அது இன்னும் மோசமாயிற்று. அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவருடைய கல் நாலு வரிசை தள்ளி. அதில் மனைவி ஸ்தமேனாவின் இரண்டு ஆண்டுகளும் நிரம்பியிருந்தன. அவர் பெயருக்குப் பக்கத்தில் கோடு காத்திருந்தது. அதையும் ஐந்து வருடம் முன்பு தாரிங்காதான் போட்டிருந்தாள்.

“என் பேர நீங்கதான் எழுதினீங்களா? நல்லா எழுதியிருக்கீங்க. பாக்கும்போதெல்லாம் இப்பவே போகலாம்னு தோணும்.”

“அவசரப்படாதீங்க. ஆண்டு போட எனக்கு இப்ப நேரமில்ல.”

அப்படித்தான் ஆரம்பித்தது. வசந்தத்தில் ஆற்றங்கரையில் நடந்தார்கள். கோடையில் ‘நீ, வா’ என்று பேச்சு மாறியது. முதல் முறை அவள் அவன் வீட்டுக்குப் போனபோது, காபிச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மிலாதின் திரும்பிக் கேட்டான்: “சக்கர போடவா, வேணாமா?” தாரிங்கா சர்க்கரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து அவன் மறுபடி கேட்டான்.

எல்லாவற்றையும் கேட்பான். ஜன்னலைச் சாத்தவா, இந்தப் பக்கம் வெயில் அடிக்கிறதா, அந்தக் கதையைச் சொல்லிவிட்டேனா. மீட்டர் படிக்கிறவன் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், அந்தப் பழக்கம் என்பான். செப்டம்பரில் இரண்டு மூட்டை சிவப்பு மிளகாய் வாங்கி, குளிர்காலத்துக்கான ஐவார் தொக்குக்கு இருவருமாகச் சுடத் திட்டமிட்டார்கள். அந்த மிளகாய் தீர்வதற்குள், இந்தக் குளிர்காலத்தை அவன் வீட்டில் கழிக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று தாரிங்கா மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

அந்த மனிதன்தான் இதை மட்டும் கேட்கவில்லை.

*

பட்டறையிலிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போனாள். நீல வர்ணம் அடித்த வாசல் கதவு திறந்தே கிடந்தது. முற்றத்தில் தகர அடுப்பில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான். தெரு முழுக்க அந்த வாசனை. கருகின தோலை உரித்து உரித்து விரல் நுனி சிவந்திருந்தது.

“வா வா. ஐவாருக்கு இந்தத் தடவ கத்திரிக்காயும் போடவா, இல்ல வெறும் மிளகாயா?”

அவள் தாளைப் பிரித்து மிளகாய்க் கூடையின் மேல் வைத்தாள். “இத யாரக் கேட்டு எழுதினீங்க?”

கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடிவிடும். மிலாதின் கையைத் துடைத்துக்கொண்டான்.

“தெரிஞ்சிடுச்சா?”

“எழுத்து போடறவகிட்டயே மறைச்சு எழுத்து போடப் பாத்தீங்க. ரொம்ப சமத்து.”

“மோதிரம் வாங்கலாம்னுதான் மொதல்ல போனேன்,” என்றான். “கடைல நின்னு பாத்தேன். மோதிரம் சின்னப் பசங்க சமாச்சாரம்னு தோணிச்சு. கழட்டி வெச்சிடலாம், தொலைஞ்சும் போகும். நம்ம ஊர்ல ஒருத்தன் ஒருத்திகிட்ட, மனசார, இனிமே மாத்த மாட்டேன்னு சொல்லணும்னா வேற எப்படிச் சொல்றது? கல்லுலதான?”

“நான் ஏற்கெனவே ஒரு கல்லுல இருக்கேன். நீங்க ஒண்ணுல இருக்கீங்க. இப்ப மூணாவதா ஒண்ணு. ஒரு ஆளுக்கு எத்தன தடவ சாவு?”

“அதுக்குத்தான் சொல்றேன் தாரிங்கா. நீ அங்க, நான் இங்க, நடுவுல நாலு வரிசை. அத நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. நாம எங்க படுப்போம்?”

“மொதல்ல எங்க உக்காருவோம்னு கேளுங்க!”

தகரத்தில் ஒரு மிளகாய் வெடித்தது.

“ஜிவோயின் என் பேர எழுதினப்ப எனக்கு அம்பது வயசு,” என்றாள். “கேக்கல. சரி, அவர் அப்படித்தான்னு நானே வர்ணம் போட்டேன். நீங்க கேக்கத் தெரிஞ்ச மனுஷன்னு நெனச்சேன். சக்கர வேணுமான்னு கேப்பீங்க, ஜன்னலச் சாத்தவான்னு கேப்பீங்க. நான் வர்றேனா இல்லையான்னு மட்டும் கேக்கமாட்டீங்க, இல்ல?”

“கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயம்.”

“அதனால கேக்காமலே கல்லுல எழுதிட்டா நான் வந்தாகணும். நல்லா இருக்கு.”

தாளை எடுத்துக்கொண்டு திரும்பினாள். வாசலில் நின்று, “கத்திரிக்காய் போடாதீங்க, கசக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

மூன்று வாரம் இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. ஊர் பார்த்துக்கொண்டது. விதோயே வாயைத் திறந்திருக்க மாட்டான். ஆனால் கருப்புக் கல் ஒன்று பட்டறைச் சுவரில் பெயர் இல்லாமல் சாய்ந்து நின்றது, அது போதாதா?

ஜிவோயினின் அக்கா ருமேனா ஒரு மத்தியானம் வந்தாள். எழுபத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். கோட்டைக் கழற்றாமலே சமையலறையில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை என்றால் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

“உனக்கு ரெண்டாவது கல்லாம்?”

“காபி போடட்டா அக்கா?”

“போடு. என் தம்பி பக்கத்துல பதினாலு வருஷமா உன் பேரு இருக்குடி. இப்ப அந்த மீட்டர்காரன் பக்கத்துல போயிட்டா, அவன் தனியா கெடப்பானா? உன் பேர என்ன செய்வ, சுரண்டுவியா? அந்தக் கல்லுல என் தோளும் இருக்கு, மறந்துடாத.”

“யாரும் எதையும் சுரண்டப் போறதில்ல.”

“அப்ப அவனோட வாழ்ந்துட்டு இவனோட படுப்பியா?”

தாரிங்கா காபியை ஊற்றினாள். “அக்கா, உங்களுக்கு நெஜமா எது கவல? சொல்லுங்க. நான் எங்க படுக்கறதுன்னா?”

ருமேனா கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். கடைசியில் சொன்னாள்: “இந்தக் கோடைலேர்ந்து எனக்கு முட்டி போயிடுச்சு. அந்த மேடு ஏற முடியல. நீயும் போகலைன்னா, அவனுக்கு யாரு கோதுமை எடுத்துட்டுப் போவா?”

“நான் போவேன். மிலாதின் வந்தா பையத் தூக்குவார், வரலைன்னா நானே தூக்குவேன். உங்களையும் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். செத்தவருக்குச் செய்ய வேண்டியதுல எனக்கு ஒரு தடங்கலும் இல்ல. உசிரோட இருக்கறவளுக்கு என்ன செய்யறதுன்னுதான் பாத்துட்டிருக்கேன்.”

ருமேனா கோட்டின் மேல் பொத்தானை மட்டும் கழற்றினாள்.

அன்று மாலை வியன்னாவிலிருந்து மகள் பிசெர்கா பேசினாள். அவளுக்கும் அத்தை ருமேனா சொல்லியிருந்தாள். “அம்மா, உங்க சந்தோஷம்தான் எனக்கு முக்கியம். ஆனா நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் எங்க…”

“எங்க வசதியோ அங்க வை. எனக்கு அப்ப தெரியப் போறதில்ல. எல்லாரும் இதையே கேக்கறீங்களே, குளிர்காலத்துக்கு நான் எந்த வீட்டுல விறகு இறக்கறதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

பிசெர்கா கேட்டாள்: “எந்த வீட்டுலம்மா?”

“கேக்க வேண்டியவர் இன்னும் கேக்கலையே,” என்றாள் தாரிங்கா.

*

அக்டோபர் பாதியில், ஒரு ஞாயிறு காலை, வாசலில் குரல் கேட்டது.

“உள்ள வரலாமா?”

மிலாதின். ஒரு கையில் இரண்டு ஜாடி ஐவார், மறு கையில் பழைய மீட்டர் புத்தகம். பெட்டி பெட்டியாகக் கோடு போட்ட அந்த நீளத் தாளை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முப்பது வருடம் அதில்தான் ஊர்த் தண்ணீரை எழுதினான்.

“கத்திரிக்காய் போடல,” என்றான்.

“உக்காருங்க.”

உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினான். “கேக்க வேண்டியதெல்லாம் எழுதிட்டு வந்திருக்கேன். மறந்துடக் கூடாதில்ல. படிக்கட்டா?”

“படிங்க.”

“கட்டில்ல எந்தப் பக்கம் வேணும்?”

“சுவத்துப் பக்கம் வேணாம்.”

அவன் பெட்டிக்குள் எழுதிக்கொண்டான். “குறட்ட விட்டா எழுப்பவா, விட்டுடவா?”

“யாரு விட்டா?”

“நான் விட்டா.”

“எழுப்புவேன். கேக்கவே வேணாம்.”

“வேலைய விடுவியா?”

“மாட்டேன்.”

“நல்லது. விட்டுடுன்னு சொல்லல, பெட்டி காலியா இருந்துச்சு, அதான் எழுதினேன். என் ஸ்தமேனா போட்டோ கூடத்துல இருக்கு. எடுக்கணுமா?”

இதற்கு அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாரிங்கா ஜாடி மூடியைத் திறந்து, ஒரு துண்டு ரொட்டியில் ஐவாரைத் தடவி அவன் முன் வைத்தாள்.

“இருக்கட்டும். ஜிவோயின் போட்டோவும் வரும். ரெண்டு பேரும் கூடத்துல பேசிட்டிருக்கட்டும்.”

மிலாதின் மீசையைக் கையால் மூடிக்கொண்டான். அப்புறம் அடுத்த பெட்டி: “என் வீடா, உன் வீடா?”

“உன் வீட்டுக்குத்தான் காலை வெயில். ஆனா என் அடுப்பு வரணும். அந்த வெள்ளை அடுப்பு இல்லாம நான் எங்கயும் வரமாட்டேன்.”

‘உன்’ என்று வந்துவிட்டதை இருவரும் கவனித்தார்கள். அவன் அடுப்பைப் பார்த்தான். கனமான வார்ப்பு. “நாலு பேர் வேணும்,” என்று முனகியபடி அதையும் எழுதினான். கடைசிப் பெட்டியில் ‘கல்’ என்று மட்டும் இருந்தது, அங்கே வந்தபோது பென்சில் நின்றது.

“இது…”

“அதுக்கு நான் வாயால சொல்லமாட்டேன்,” என்றாள். “கையால சொல்றேன். வர்ற ஆன்மாக்கள் சனிக்கிழமை வரைக்கும் பொறு. அந்தக் கருப்புக் கல்லுக்கு மட்டும் நாளைக்கே போய் வேணாம்னு சொல்லிடு.”

*

பட்டறைக்குப் பின்னால் வெட்டுத்துண்டுகள் குவிந்து கிடக்கும் இடத்தில் அவள் ஒரு மணி நேரம் தேடினாள். விதோயே கருப்பில் நல்ல துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினான்.

“கருப்பு வேணாம்டா. கருப்புல எழுதி எழுதிக் கை அதுக்கே பழகிடுச்சு.”

கடைசியில் ஒரு சாம்பல் வெள்ளைச் சலவைக்கல் கிடைத்தது. இரண்டு சாண் நீளம், ஒரு சாண் அகலம், ஒரு மூலை மட்டும் உடைந்தது. விதோயே மூலையைச் சீராக்கி, மணல் பீய்ச்சும் இயந்திரத்தில் எழுத்தை வெட்டித் தருகிறேன் என்றான். தாரிங்கா சம்மதிக்கவில்லை. வேலை குறைந்த குளிர்காலங்களில் உளி பிடித்துப் பழகியிருந்தாள். நூறு கல்லுக்கு அவள் கை தாங்காது, ஒரு கல்லுக்குத் தாங்கும்.

மூன்று உடைசலில் வெட்டிப் பார்த்தாள். முதலாவதில் எழுத்தின் சாய்வு சரியில்லை. இரண்டாவதில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி பிசகு. மூன்றாவதை வாசல் சுவரில் சாய்த்துவைத்துத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். கல்லறையில் எழுத்தைக் குனிந்து படிப்பார்கள். இது நடந்து போகிறவர்கள் படிக்க வேண்டியது. எழுத்தை ஒரு விரல்கடை பெரிதாக்கினாள்.

பிறகு நல்ல கல்லில் பென்சிலால் வரைந்தாள். மேலே தாரிங்கா. கீழே மிலாதின். உளியை எடுக்கப் போனபோது, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த விதோயே, “அத்தை! அத்தை!” என்று கத்தினான்.

“என்னடா?”

“கோடு.”

பார்த்தாள். இரண்டு பெயருக்குப் பக்கத்திலும் கை தானாகவே சின்னக் கோடு ஒன்றை இழுத்து வைத்திருந்தது. பதினைந்து வருடப் பழக்கம். உயிரோடு இருக்கிறவர்களின் பெயரை எழுதினால் பக்கத்தில் அது வந்தாக வேண்டும். தாரிங்கா உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. விதோயேயும் சிரித்தான். அப்புறம் கட்டைவிரலை நனைத்து, ஒரே இழுப்பில் ஒன்று, இன்னொரு இழுப்பில் மற்றது என்று இரண்டு கோட்டையும் துடைத்தாள்.

வெட்டி முடிக்க ஆறு நாள் ஆயிற்று. வர்ணத்துக்குத் தங்க டப்பாவைத் தொடவில்லை. மிலாதினின் கொட்டகையிலிருந்து வாசல் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த நீலத்தை ஒரு சின்னக் குப்பியில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். எதற்கு என்று அவன் கேட்டான். அவள் சொல்லவில்லை. நீலம் சாலின் நடுவில் விழுந்து இரண்டு கரைக்கும் ஏறி நின்றது. ஒரு இடத்திலும் துணி தேவைப்படவில்லை.

*

நவம்பர் ஆன்மாக்கள் சனிக்கிழமை பனி மூட்டமாக விடிந்தது. மேட்டில் ருமேனாவை ஒரு பக்கம் தாரிங்காவும் ஒரு பக்கம் மிலாதினும் பிடித்துக்கொண்டார்கள். கோதுமைப் பாத்திரம் மிலாதினின் கழுத்தில் தொங்கிய பையில் இருந்தது. முதலில் ஜிவோயினிடம் போனார்கள். தாரிங்கா அவன் பெயரையும் தன் பெயரையும் துடைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினாள். ருமேனா தன் பாதித் தோளைத் தானே துடைத்துக்கொண்டாள். பிறகு நாலு வரிசை தள்ளி ஸ்தமேனா. அங்கே மெழுகுவர்த்தியை மிலாதின் ஏற்றினான், காற்றுக்குக் கையை மறைப்பாகத் தாரிங்கா பிடித்தாள்.

ருமேனா கரண்டியில் கோதுமையை அள்ளி மிலாதினுக்கு நீட்டினாள்.

“சாப்பிடுய்யா மீட்டர். உன் மீட்டர்ல என் வீட்டுத் தண்ணி எப்பவும் கூடத்தான் காட்டும். அத நான் மறக்கல.”

“படிச்சதத்தான் எழுதினேன் அக்கா.”

“அக்காவாம்,” என்றாள் ருமேனா. ஆனால் இன்னொரு கரண்டியும் கொடுத்தாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் பட்டறை வழியாக வந்தார்கள். தாரிங்கா உள்ளே போய், மாவுச் சாக்குத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் மார்போடு அணைத்து ஒன்றைத் தூக்கி வந்தாள். வாங்கிக்கொள்ளவா என்று மிலாதின் கேட்டான். வாசல் வரட்டும் என்றாள்.

நீலக் கதவுக்கு முன் வந்து நின்றார்கள். உள்ளே சமையலறைப் புகைக்கூண்டில் புகை வந்துகொண்டிருந்தது. வெள்ளை அடுப்பு முந்தின நாள்தான், நாலு பேர் போதாமல் ஐந்து பேர் தூக்கி, வந்து சேர்ந்திருந்தது. அவள் கல்லைக் கதவுத் தூணின் மேல் ஊன்றி, ஒரு கையால் துணியை விலக்கினாள்.

மிலாதின் மூக்குக் கண்ணாடியைத் தேடினான். தேவைப்படவில்லை. அந்த எழுத்தைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தும் படிக்கலாம்.

“உன் பேரு மேல இருக்கு,” என்றான்.

“எழுதினது யாரு?”

“ஆண்டு இல்ல. கோடும் இல்ல.”

“இல்ல.”

விரலால் எழுத்தைத் தடவினான். வர்ணம் நன்றாகக் காய்ந்திருந்தது. “குடும்பப் பேரும் போடலையே?”

“‘அவளைக் கேட்டுச் சொல்கிறேன்’னு எழுதின. கேக்கல. கேக்காதத நான் எப்படி எழுதறது?”

“இப்ப கேக்கறேன்.”

“கேக்கலாம், கேக்கலாம். நிறைய நாள் இருக்கு,” என்றாள் தாரிங்கா. “மொதல்ல இதப் பிடி, தூண்ல பதிக்கணும். கை வலிக்குது.”

அவன் தொப்பியைக் கழற்றிக் கதவின் மேல் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.